தீவில் குடியேற்றிய பாடும் பறவைகளின் அடர்த்தி: எந்தக் கணக்கெடுப்பு முறை எப்போது பொருந்தும்?

வேம்பனூர் ஈரநிலத்தின் பரப்பு ஏறத்தாழ 20 ஹெக்டேர். சுசீந்திரம்–தேரூர் ஈரநிலத்தின் பரப்பு ஏறத்தாழ 94 ஹெக்டேர். இந்தியப் பெருங்கடலிலுள்ள சீஷெல்ஸ் தீவுக்கூட்டத்துக்கே உரிய சீஷெல்ஸ் கதிர்க்குருவி என்னும் இனம் 1968ஆம் ஆண்டில் உலகத்தில் எஞ்சியிருந்த ஒரே இடமான கூசான் தீவு, இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 29 ஹெக்டேர் நிலம். அன்று அங்கே 30-க்கும் குறைவான குருவிகளே இருந்தன. தென்னந்தோப்பாக மாற்றப்பட்டிருந்த அத்தீவு அந்த ஆண்டிலேயே பாதுகாப்புக்காக வாங்கப்பட்டு, இயல்பான மரங்கள் மீண்டும் வளர விடப்பட்டதும், எண்ணிக்கை பெருகி 300-ஐத் தாண்டியது. (தென்னையால் வாழும் மாவட்டத்துக்காரர்களுக்கு இச்செய்தி சற்றே உறுத்தலாக இருக்கலாம், இலைகளின் அடிப்புறத்தில் பூச்சி தேடும் அந்தக் குருவிக்குத் தென்னை பெரிதாக உதவவில்லை.) பின்னர் 1988இல் 29 குருவிகள் அரீட் தீவுக்கும், 1990இல் 29 குருவிகள் கூசீன் தீவுக்கும், 2004இல் 58 குருவிகள் டெனிஸ் தீவுக்கும், 2011இல் 59 குருவிகள் ஃபிரெகேட் தீவுக்கும் கொண்டுசெல்லப்பட்டன.

நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் விலங்கியல் படித்து, ஆய்வு முன்மொழிவு எழுதும் நிலையில் இருக்கும் மாணவர்கள், இப்படிக் குடியேற்றப்பட்ட பறவைகளைப் பற்றிப் படித்துவிட்டு என்னிடம் ஒரே கேள்வியைப் பல வடிவங்களில் கேட்கிறார்கள்: ஒரு ஹெக்டேருக்கு எத்தனை பறவைகள் என்று சொல்வதற்கு வளையமிட்டு எண்ணுவதா, பாடும் எல்லைகளை (ஒவ்வோர் இணையும் தனக்கென்று பாடிக் காக்கும் இடங்களை) வரைவதா, நின்ற இடத்திலிருந்து தொலைவை அளந்து கணக்கிடுவதா, ஒலிப்பதிவுக் கருவியை மரத்தில் கட்டிவிட்டு வருவதா? நான்கும் நல்ல முறைகளே. ஆனால் குடியேற்றப்பட்ட தொகை (அதாவது அங்குள்ள பறவைகளின் மொத்தக் கூட்டம்) முதல் ஆண்டில் இருக்கும் நிலை வேறு, பத்தாம் ஆண்டில் இருக்கும் நிலை வேறு. அந்த வயதைப் பார்க்காமல் முறையைத் தேர்ந்தெடுத்தால், கணக்கு பறவையைப் பற்றியதாக இல்லாமல் முறையைப் பற்றியதாகிவிடும்.

தெரிவுக்கு முன் பார்க்க வேண்டியவை

முதலாவது, தொகையின் நிலை. விடுவிக்கப்பட்ட பறவைகள் பிழைத்துக் காலூன்றும் காலம், விரைவாகப் பெருகும் காலம், இடம் நிரம்பி வளர்ச்சி தணியும் காலம் என மூன்று கட்டங்கள் உண்டு. முதற்கட்டத்தில் பறவைகள் மிகக் குறைவு, ஆனால் பெரும்பாலும் எல்லாவற்றின் காலிலும் வளையம் இருக்கும். கடைசிக் கட்டத்தில் பறவைகள் ஏராளம், ஆனால் வளையமுள்ளவை சிறுபான்மை.

இரண்டாவது, கண்டறியும் வாய்ப்பு. நம் கண்ணிலும் காதிலும் படாத பறவைகளின் பங்கை எந்த முறை அளக்கிறது, எந்த முறை அளக்காமல் விடுகிறது என்பதே முறைகளுக்கு இடையிலுள்ள அடிப்படை வேறுபாடு. குடியேற்றத் தொகைகளில் இந்த வாய்ப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறும். பல பாடும் பறவை இனங்களில், இணை கிடைக்காத ஆண் இணையுள்ள ஆணைவிட அதிகம் பாடும். விடுவித்த கூட்டத்தில் ஆண்கள் மிகுந்திருந்தால் முதல் ஆண்டில் தீவு முழுவதும் பாட்டாகக் கேட்கும். பெண்குஞ்சுகள் வளர்ந்து இணை சேர்ந்ததும் பாட்டுக் குறையும், பறவைகளோ கூடியிருக்கும். வெறும் பாட்டை எண்ணியவர் தொகை வீழ்ந்தது என்று அறிக்கை எழுதுவார்.

மூன்றாவது, வகுக்கும் பரப்பு. அடர்த்தி என்பது ஒரு பின்னம். மேலெண்ணில் காட்டும் அக்கறையைக் கீழெண்ணில் பெரும்பாலோர் காட்டுவதில்லை. ஹவாய்த் தீவுத்தொடரில் நிஹோவா தீவிலிருந்து லேசான் தீவுக்கு 2011இல் 24 மில்லர்பேர்டுகளும் (புதர்களில் வாழும் ஒரு சிறு கதிர்க்குருவி இனம்), 2012இல் 26 மில்லர்பேர்டுகளும் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் கப்பலில் கொண்டுசெல்லப்பட்டன. லேசானின் பரப்பு 400 ஹெக்டேருக்குச் சற்றே அதிகம், ஆனால் நடுவில் ஓர் உப்பு ஏரி கிடக்கிறது, கரையோரம் மணல். புதர்களில் வாழும் குருவிக்கு ஏரியைக் கூட்டிக் கணக்கிடுவது, சாமித்தோப்பு உப்பளத்தையும் சேர்த்துத் தென்னந்தோப்பின் காய்ப்பை ஏக்கருக்கு இவ்வளவு என்று சொல்வதைப் போன்றது. 100 ஹெக்டேர்த் தீவில் 40 ஹெக்டேர் மட்டுமே புதர்க்காடு என்று கொள்வோம். அங்குள்ள 51 பறவைகளின் அடர்த்தி தீவு முழுவதற்கும் ஹெக்டேருக்கு 0.5, வாழிடத்துக்கு மட்டும் 1.3. இரண்டும் சரியே, எதைச் சொல்கிறோம் என்று எழுதும் வரை.

பறவைக்கு நேரும் இடர், சட்ட அனுமதி, ஆட்கள், பணம் ஆகியவையும் உண்டு. அவற்றை அந்தந்த முறையோடு சேர்த்துச் சொல்கிறேன்.

வண்ண வளையமிட்டு மறுபடி பார்த்தல்

பறவையைப் பிடித்து, எண் பொறித்த உலோக வளையத்தோடு வண்ண வளையங்களையும் காலில் மாட்டி, ஒவ்வொரு பறவைக்கும் தனித்த வண்ண வரிசை கொடுத்துவிட்டால், அதற்குப் பின் இருநோக்கிக் கண்ணாடி போதும். மறுபடி பிடிக்க வேண்டியதில்லை. கூசான் தீவில் 1997 முதல் ஏறத்தாழ எல்லாக் கதிர்க்குருவிகளுக்கும் வளையம் உண்டு. அக்குருவிகள் தீவு விட்டுத் தீவு செல்வது மிக அரிது. 2 கிலோமீட்டருக்கும் குறைவான கடல் கூட அவற்றுக்குச் சுவர்தான். ஆகவே ஒரு பருவம் முழுவதும் காணாமற்போன குருவி இறந்துவிட்டது என்று கொள்ள முடிகிறது. உயிர் பிழைப்பு, வயது, யார் யாருடைய குஞ்சு என்பன எல்லாம் இந்த ஒரு முறையிலிருந்தே கிடைக்கின்றன. மற்ற மூன்றும் இவற்றைத் தாரா.

வளையமில்லாத பறவைகள் கூடும்போது எளிய விகிதக் கணக்கு தேவைப்படுகிறது. உயிரோடிருக்கும் வளையப் பறவைகள் 24 என்று நாம் அறிவோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றில் 30 பறவைகளைப் பார்த்தோம், அவற்றில் 14-க்கு வளையம் இருந்தது. 24-உடன் ஒன்றைக் கூட்டி, 30-உடன் ஒன்றைக் கூட்டி, இரண்டையும் பெருக்கி, 14-உடன் ஒன்றைக் கூட்டிய எண்ணால் வகுத்து, விடையிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஏறத்தாழ 51. இது சாப்மன் திருத்தம் எனப்படும் கணக்கு.

மறைந்திருக்கும் செலவு இந்தக் கணக்கின் உள்ளேயே இருக்கிறது. அந்த 14 பறவைகளில் நான்கின் வளையம் கழன்றோ, புல்லில் மறைந்தோ போய் நாம் 10 என்று எழுதியிருந்தால், விடை 51 ஆக இராது, 69 ஆகும். மாறாக, 24 வளையப் பறவைகளில் ஆறு நமக்குத் தெரியாமலே இறந்திருந்தால், உண்மையான விடை 38 மட்டுமே. நாம் 51 என்று மகிழ்ந்திருப்போம். வெயிலில் வெளிறும் நிறங்கள், மாலை ஒளியில் நீலமும் பச்சையும் ஒன்றாகத் தெரிவது, கால் மறையும்படி அடர்ந்த புதர் என ஒவ்வொன்றும் இந்த வகைப் பிழையைத்தான் பிறப்பிக்கின்றன. வலையில் சிக்கும் பறவைக்கு நேரும் அதிர்ச்சியும் சிறிய செலவன்று. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றிக் காட்டுப் பறவையைப் பிடிப்பதும் வளையமிடுவதும் கூடாது. தேர்ந்தவரிடம் நீண்ட நாள் கைப்பயிற்சி பெறாமல் அனுமதி கேட்பதிலும் பொருளில்லை.

இடமாற்றத்தின்போது பறவைகள் எப்படியும் கையில் வந்துவிடுகின்றன. அந்த நேரத்தில் வளையமிடாமல் விடுவது, விதை நெல்லை அளக்காமல் தெளிப்பதற்குச் சமம். முதல் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு இம்முறைக்கு மாற்று இல்லை என்பதே என் கருத்து.

எல்லைகளை வரைதல்

இனப்பெருக்கக் காலத்தில் ஒரே பாதையில் எட்டு முதல் பத்து முறை நடந்து, பாடிய இடம், சண்டையிட்ட இடம், கூட்டுக்கு நார் கொண்டுபோன திசை ஆகியவற்றை வரைபடத்தில் குறித்துக்கொண்டே வந்தால், புள்ளிகள் கூட்டங்கூட்டமாகச் சேர்ந்து எல்லைகளாகத் திரளும். இதற்குக் கருவி வேண்டாம், வலை வேண்டாம், அனுமதிச் சிக்கலும் குறைவு. பெருநிலத்தில் இம்முறையின் பெரிய தொல்லை விளிம்பு: பாதி உள்ளே, பாதி வெளியே கிடக்கும் எல்லைகளை எப்படி எண்ணுவது? தீவில் கடலே விளிம்பாகிவிடுவதால் அந்தத் தொல்லை தானாகவே தீர்ந்துவிடுகிறது. சிறுதீவுகளுக்கு இந்தப் பழைய முறை, நூல்கள் ஒப்புக்கொள்வதைவிட நன்றாகவே பொருந்தும்.

ஆனால் எல்லையை எண்ணுவதும் பறவையை எண்ணுவதும் ஒன்றல்ல. கூசானில் ஏறத்தாழ 110 எல்லைகளும் 320 வளர்ந்த கதிர்க்குருவிகளும் உண்டு. ஓர் எல்லைக்கு ஓர் இணை என்று பெருக்கினால் 220 கிடைக்கும். மீதி 100 பறவைகள் கணக்கில் இல்லை. காரணம், இவ்வினத்தில் வளர்ந்த பிள்ளைகள், குறிப்பாகப் பெண்கள், பெற்றோரின் எல்லையிலேயே தங்கி அடுத்த குஞ்சுகளை வளர்க்க உதவுகின்றன. நம்மூர் தவிட்டுக்குருவிக் கூட்டத்தைப் பார்த்தவருக்கு இது புதிதன்று. இன்னொரு பக்கம், எல்லை கிடைக்காமல் அலையும் பறவைகள் ஓசையின்றி ஒதுங்கித் திரிவதால் வரைபடத்தில் வருவதே இல்லை. தீவு நிரம்பும்போது கூடுவது அவற்றின் தொகைதான். ஆகவே இம்முறை, நிரம்பிய தீவில் அடர்த்தியைக் குறைத்தே காட்டும். குழுவின் அளவைத் தனியாக, ஒரு சில எல்லைகளிலாவது பொறுமையாக உட்கார்ந்து பார்த்து எண்ண நேரமிருந்தால் மட்டும் இதைத் தேர்ந்தெடுங்கள்.

தொலைவை அளந்து கணக்கிடுதல்

நேர்கோட்டில் நடந்தோ, குறித்த புள்ளிகளில் சில நிமிடம் நின்றோ, கண்ட ஒவ்வொரு பறவைக்கும் உள்ள தொலைவை அளந்து எழுதுகிறோம். கோட்டு நடையில் கோட்டிலிருந்து செங்குத்துத் தொலைவு, புள்ளியில் நாம் நிற்கும் இடத்திலிருந்து தொலைவு. தொலைவு கூடக்கூடக் கண்டறிதல் எப்படிக் குறைகிறது என்ற வளைவிலிருந்து, காணாத பறவைகளின் பங்கைக் கணக்கிடலாம். வளையம் தேவையில்லை, பெரிய தீவை இரண்டு, மூன்று பேர் சில வாரங்களில் முடிக்கலாம், மென்பொருளும் இலவசம். தொகை பெருகி, வளையமுள்ளவை அருகிப்போன கட்டத்துக்கு இது சிறந்த முறை.

இங்கே மூன்று நிபந்தனைகள் உயிர்நாடி. காலடியில் இருக்கும் பறவை தவறாமல் கண்ணில் பட வேண்டும். பறவை நம்மால் நகர்வதற்கு முன் இருந்த இடத்தில் பதிவாக வேண்டும். தொலைவு சரியாக இருக்க வேண்டும். மூன்றாவதைப் பலர் இலேசாக எண்ணுகிறார்கள். எல்லாத் தொலைவையும் 10 விழுக்காடு குறைத்து மதிப்பிட்டால், கோட்டு நடையில் அடர்த்தி ஏறத்தாழ 11 விழுக்காடு கூடும். புள்ளி முறையில், பரப்பு ஆரத்தின் வர்க்கமாக வளர்வதால், 23 விழுக்காடு கூடும். ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிப் பக்கம் நின்று பறவைக் குரல் கேட்க முயன்றவர்களுக்கு, காற்று ஒலியை எப்படி விழுங்கும், தொலைவை எப்படிப் பொய்யாக்கும் என்று விளக்கத் தேவையில்லை. கடல் நடுவே உள்ள தீவுகளில் ஆண்டில் பெரும்பகுதி அப்படிப்பட்ட நாட்களே.

இரண்டாவது நிபந்தனை இனத்தைப் பொறுத்தது. வேட்டை விலங்குகளற்ற தீவில் வளர்ந்த பறவைகள் மனிதனைக் கண்டு ஓடுவதில்லை. சில, நெருங்கியே வரும். நியூசிலாந்தின் ராபின் பறவை, நம் காலால் கிளறப்படும் சருகில் பூச்சி கிடைக்கும் என்று தேடி வருவது அறியப்பட்ட செய்தி. 30 மீட்டரில் இருந்த பறவை 5 மீட்டரில் பதிவானால், அடர்த்தி வானத்துக்கு ஏறும்.

இன்னொரு மறைசெலவு, சிறுதீவின் சிறுமை. வளைவை நம்பிக்கையோடு வரையக் கோட்டு நடைக்கு 60 முதல் 80 பதிவுகளும், புள்ளிகளுக்கு 75 முதல் 100 பதிவுகளும் வேண்டும் என்பது வழக்கமான பரிந்துரை. புள்ளிகளுக்கிடையே 200 மீட்டர் விட்டால் ஒரு புள்ளிக்கு 4 ஹெக்டேர்; கூசான் அளவுள்ள தீவில் ஏழு புள்ளிகளுக்கு மேல் இடமில்லை, டெனிஸ் போன்ற 142 ஹெக்டேர்த் தீவில் 35. விடுவித்து ஓராண்டே ஆன, 30 பறவைகள் சிதறிக்கிடக்கும் தீவில் இம்முறையை முயல்பவர், பல நாட்கள் வெற்றுத் தாளோடு திரும்புவார்.

தொலைவை அளக்காமல், குறித்த அகலமுள்ள பட்டைக்குள் எல்லாவற்றையும் கண்டுவிட்டதாகக் கொள்ளும் பட்டை நடையும் உண்டு. நிஹோவாவில் மில்லர்பேர்டுகளை எண்ண நெடுங்காலம் இதைத்தான் பயன்படுத்தினார்கள். ஆண்டுக்கு ஆண்டு கிடைத்த மதிப்பீடுகள் சில பத்துகளிலிருந்து 800-க்கு மேல் வரை ஊசலாடின. அதில் எவ்வளவு பறவையின் உண்மையான ஏற்றத்தாழ்வு, எவ்வளவு முறையின் தள்ளாட்டம் என்று பிரித்தறிவது கடினம்.

ஒலிப்பதிவுக் கருவி

கருவி விலை குறைந்துவிட்டது, ஆள் தங்க முடியாத தீவிலும் வைக்கலாம், குரலை இனங்காணும் மென்பொருளும் வந்துவிட்டது. ஆனால் கருவி எண்ணுவது குரலை. அதைப் பறவையாக மாற்ற, ஒரு பறவை மணிக்கு எத்தனை முறை பாடும் என்பதும், கருவி எவ்வளவு தொலைவு வரை கேட்கும் என்பதும் தெரிய வேண்டும். மேலே சொன்னபடி, குடியேற்றத் தொகையில் முதலாவது எண் ஆண்டுதோறும் மாறும். அடர்த்திக்கு இதை இப்போதைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. தீவின் எந்தெந்தப் பகுதிக்குப் பறவை பரவியிருக்கிறது என்று அறிய மட்டும் மிகவும் உதவும்.

ஒரே பார்வையில்

| | வண்ண வளையம் | எல்லை வரைதல் | தொலைவு அளத்தல் | ஒலிப்பதிவு |
|---|---|---|---|---|
| பொருந்தும் கட்டம் | காலூன்றும் காலம், வளர்ச்சியின் தொடக்கம் | சிறுதீவு, இனப்பெருக்கக் காலம் | பெருகிய தொகை, பெரிய தீவு | பரவலை அறிய, எக்கட்டத்திலும் |
| காணாதவற்றை அளக்குமா | ஆம் | இல்லை | ஆம், நிபந்தனைகள் நிறைவேறினால் | தனியே இயலாது |
| பிழை சாயும் பக்கம் | வளையம் கழன்றால் கூடும் | குறையும் | நெருங்கி வரும் பறவையால் கூடும் | பாடும் பழக்கத்தைப் பொறுத்தது |
| பறவைக்கு இடர் | உண்டு | மிகக் குறைவு | மிகக் குறைவு | இல்லை |
| பெரிய செலவு | பயிற்சி, அனுமதி, தொடர்ந்த வளையமிடல் | பலமுறை நடை | தொலைவுப் பயிற்சி, போதிய பதிவுகள் | கேட்டுச் சரிபார்க்கும் நேரம் |

முறை மாறும் ஆண்டு

எந்தக் குடியேற்றமும் வளையத்தில் தொடங்கித் தொலைவு அளத்தலில் முடிவதே பெரும்பாலும் இயல்பு. ஆபத்து அந்தத் திருப்பத்தில் இருக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கு: வளைய முறையில் இவ்வாண்டு 90 பறவைகள், அடுத்த ஆண்டு தொலைவு முறைக்கு மாறி 126 கண்டோம். தொகை 40 விழுக்காடு வளர்ந்துவிட்டதாக அறிக்கை போகும், அடுத்த தீவுக்குப் பறவை பிடிக்கவும் கையெழுத்து ஆகும். இவ்வாண்டே இரண்டு முறையையும் ஒரே பருவத்தில் செய்திருந்து, தொலைவு முறை 120 காட்டியிருந்தால், உண்மையான வளர்ச்சி 5 விழுக்காடுதான் என்பது தெரிந்திருக்கும். ஆகவே மாறும் ஆண்டில் இரண்டு முறைகளையும் ஒன்றாகச் செய்வதற்குப் பணமும் ஆட்களும் முன்மொழிவிலேயே ஒதுக்கப்பட வேண்டும். நான் பார்த்த மாணவர் முன்மொழிவுகளில் இந்த ஒரு வரி இல்லாததே பெருங்குறை.

தீவு 50 ஹெக்டேருக்குக் குறைவாகவும், ஆட்கள் ஆண்டுதோறும் தங்கக்கூடியவர்களாகவும் இருந்தால், முறை மாற்றாமல் வளையத்தையே தொடர்வது மேல் என்பதற்குக் கூசானே சான்று. தீவு பெரிதாகி, ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே படகு செல்லக்கூடியதானால், தொடக்கத்திலிருந்தே தொலைவு முறைக்கான கோடுகளை வெட்டிக் குறித்துவைத்துவிட வேண்டும், முதல் ஆண்டுகளில் அவற்றால் பயன் குறைவென்றாலும்.

நம் மாவட்டத்தில் கைப்பழக

தீவுக்குப் போவதற்கு முன் பழகிக்கொள்ள, புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. சுமார் 90 ஏக்கர், அதாவது 36 ஹெக்டேர். கூசானைவிடச் சற்றே பெரிது. சுற்றிலும் கல்மதில், நடுவில் ஒரு குன்று. மதில் பறவையைத் தடுக்காது என்றாலும், நடப்பவரின் கணக்குக்கு ஒரு விளிம்பு கிடைக்கிறது. எண்ணத் தகுந்த பறவை குண்டுக்கரிச்சான். 1960களில் ஏறத்தாழ ஒரு டஜனாகக் குறுகி, பின்னர் 1994 முதல் ஃபிரெகேட்டிலிருந்து வேறு தீவுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்ட சீஷெல்ஸ் குண்டுக்கரிச்சான் இதன் நெருங்கிய உறவினம். கதிர்க்குருவிக்கோ, பனிக்காலத்தில் தேரூர்ப் பக்கம் புதர்களில் ‘டக், டக்’ என்று ஒலியெழுப்பும் பிளித் நாணல் கதிர்க்குருவி உறவினம், ஆனால் அது இங்கே கூடு கட்டுவதில்லை என்பதால் எல்லை வரையப் பயன்படாது.

இடவப்பாதி மழை இறங்குவதற்கு முன், பங்குனி, சித்திரையில், குண்டுக்கரிச்சான் விடியற்காலையில் உச்சிக் கிளையில் அமர்ந்து பாடும் நாட்களில், இரண்டு குழுக்களாகப் பிரிந்துகொள்ளுங்கள். ஒரு குழு எட்டு நடைகளில் எல்லைகளை வரையட்டும். மற்றக் குழு அதே வாரங்களில் ஒன்பது புள்ளிகளில் நின்று தொலைவை அளக்கட்டும். ஒரு பருவத்தில் போதிய பதிவுகள் சேர, ஒவ்வொரு புள்ளிக்கும் பலமுறை செல்ல வேண்டியிருக்கும். முதல் நாள் காலையில், பாடும் பறவை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று ஒவ்வொருவரும் தாளில் எழுதிய பிறகே லேசர் தொலைவுமானியால் அளந்து பாருங்கள். எங்கள் பயிற்சி ஒன்றில் எல்லாருமே தொலைவைக் குறைத்துத்தான் சொன்னோம், நானும் சேர்த்து. இரு குழுக்களும் தத்தம் விடையை மற்றவருக்குக் காட்டாமல் மூடிவைத்து, கடைசியில் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். அதற்கு முன் குன்றின் வெற்றுப் பாறைப் பரப்பைக் கழிப்பதா வேண்டாமா என்பதை இரு குழுக்களும் சேர்ந்து முடிவுசெய்து, எழுதிக் கையெழுத்திட்டுவிட வேண்டும்.